கடைசி ஆள் வரும்வரை

பிழைப்பை முன்னிட்டுச் சொந்த ஊரை விட்டுப் பெருநகரம் புகும் குடும்பங்கள் நம் பங்குகளில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. புறப்படுகிறவர்களிடம் வீடு அமைந்துவிட்டதா, குடிதண்ணீர் உண்டா, பிள்ளைகளின் பள்ளி அருகிலா, கோயில் எவ்வளவு தூரம் என்றெல்லாம் அக்கறையோடு விசாரிக்கிறோம். விசாரிக்க வேண்டியவைதாம். ஆயினும், "ஒரு நாள் நீங்கள் தலைகாட்டாவிட்டால், ஏன் காணோம் என்று கேட்க அங்கே ஆள் உண்டா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. ஊரில் வாழும்வரை அப்படியொரு கேள்வி உலகில் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை அல்லவா?

நாங்கள் கணவனும் மனைவியுமாக நெல்லைச் சீமையிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தது 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம். அலுவலக இடமாற்றமே காரணம். எங்களில் ஒருவருக்கு வயது நாற்பத்தாறு. மற்றவருக்கு நாற்பத்து மூன்று. பிள்ளைகள் இருவரும் வெளியூர் விடுதிகளில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தனர். பதினெட்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து, நாள்தோறும் நாற்பது குழந்தைகளின் குரலுக்கு நடுவே வாழ்ந்து பழகிய இல்லத்தரசி, திருவான்மியூரில் மூன்றாம் மாடி வீடொன்றில் பகல் முழுவதும் மின்விசிறியின் ஓசையைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று.

குடிவந்த மூன்றாம் மாதம். ஒரு மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியபோது மாடிப்படியருகே குளிர்பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் முந்தின இரவே இறந்துவிட்டாராம். இரு வீட்டு வாசல்களுக்கும் இடையே ஆறடிகூட இராது. பகல் முழுவதும் வீட்டிலிருந்தவருக்கே அது தெரியவில்லை. எங்கள் ஊரிலோ, கோயில் துக்கமணி இரண்டாம் முறை ஒலிப்பதற்குள் யார் வீட்டில் இழவு என்று வயற்காட்டில் நிற்பவருக்கும் செய்தி போய்விடும். அன்றிரவு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "நமக்கு ஒன்று நேர்ந்தாலும் இப்படித்தானே?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர் விடை சொல்லவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் இரத்தப் பரிசோதனை செய்த மருத்துவர், சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்பதாகவும், இருவருமே நாள்தோறும் நடப்பது நல்லதென்றும் கூறினார். அதற்கென்று பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் செல்லத் தொடங்கினோம். நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிர்நீத்த டென்மார்க்கு நாட்டு மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் அங்கே நிற்கிறது. அதன் பக்கத்தில் விடியுமுன் பதினைந்து இருபது பேர் கூடி, கைகால்களை உதறிக்கொண்டு, பின்னர் ஓடிப் போவார்கள். பல வயதினர், பல மொழியினர். சில வாரங்கள் அவர்களைப் பார்த்தபடி நடந்தோம். ஒரு நாள் அவர்களுள் மூத்தவர், வங்கியில் அதிகாரியாயிருந்து ஓய்வு பெற்றவர், எங்களை நிறுத்தி, "தினமும் பார்க்கிறேன், இந்த நடையையே கொஞ்சம் வேகமாக்கினால் அதுதான் ஓட்டம். வாருங்கள்" என்றார். எல்லோரும் அவரை 'சார்' என்றே அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம்.

ஓடுவதென்றால் மூச்சிரைக்க விரைவது என்று எண்ணியிருந்த எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதற்பாடம், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே தொடக்கக்காரருக்கு உரிய வேகம் என்பது. பேச்சு நின்றுவிட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஒரு நிமிடம் ஓடுவது என்று தொடங்கினோம். ஆசிரியைக்கோ, பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்ற விதி மருந்தினும் இனிய மருந்தாக இருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மூன்று மாதங்களாகப் பேசாத பேச்சையெல்லாம் அவர் அந்தக் கடற்கரையில் பேசித் தீர்த்தார்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் கண்டு இரண்டு நாள் நாங்கள் போகவில்லை. இரண்டாம் நாள் மாலை தொலைபேசி மணி ஒலித்தது. "என்னம்மா, இரண்டு நாளாகக் காணோமே, உடம்புக்கு என்ன?" என்று சார் கேட்டார். பேசி முடித்துத் தொலைபேசியை வைத்த இல்லத்தரசி, சமையலறைக்குள் சென்று அடுப்பைப் பற்ற வைக்காமலே சற்று நேரம் நின்றுகொண்டிருந்தார். சென்னைக்கு வந்து ஆறு மாதங்களில் எங்களைக் காணோம் என்று கேட்ட முதற்குரல் அது.

இத்தகைய ஓட்டங்களைப் பற்றி அறியாதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர் ஓடுவது. 1896-இல் ஏதென்சு நகரில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் அது ஏறத்தாழ 40 கிலோமீட்டராக இருந்தது. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரமே பின்னர் 1921-இல் நிலையான அளவாயிற்று. இதில் பாதியை அரை மாரத்தான் என்கிறார்கள். பத்து கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் ஓட்டங்களும் உண்டு. மும்பையில் 2004-லும், சென்னையில் 2012-லும் தொடங்கிய மாரத்தான்களில் இப்போது பல்லாயிரவர் கலந்துகொள்கின்றனர். பரிசு நோக்கி ஓடும் வீரர்கள் அவர்களுள் ஒரு கைப்பிடியளவே. ஏனையோர் நம்மைப்போல் வேலைக்குப் போகிறவர்கள், சமைக்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள். முன்பணம் கட்டிப் பெயர் பதிந்தால் எண் அட்டை ஒன்று தருவார்கள். அதை ஊக்குகளால் மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். அதனுள் ஒட்டியிருக்கும் சிறு மின்னணுத் தகடு, தொடக்கக் கோட்டையும் முடிவுக் கோட்டையும் நாம் தாண்டும் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும். ஆதலால் கூட்டத்தின் கடைசியில் நின்று புறப்பட்டாலும் நம் கணக்கு நமக்குக் குறையாது. குறித்த நேரத்தில் ஓடி முடிக்க விரும்புவோருக்கு வழிகாட்டியாக, அந்த நேரத்தை எழுதிய கொடியைச் சுமந்துகொண்டு ஒருவர் ஓடுவார். எல்லோருக்கும் பின்னால் நோயாளர் வண்டியும், இனி முடியாது என்று நின்றுவிட்டவர்களை ஏற்றிவரும் ஊர்தியும் மெதுவாக வரும்.

சென்னையின் வானிலை இதற்கு உகந்ததன்று என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். வெப்பத்தைவிடக் கடற்காற்றின் ஈரமே பெரும் பகை. வியர்வை உலர்ந்தால்தானே உடல் குளிரும்? இங்கே அது உலராமல் வழிகிறது, உடல் சூடேறுகிறது. எனவேதான் பெரிய ஓட்டங்களை மழை ஓய்ந்த ஜனவரியில் வைத்துக்கொண்டு, இருள் விலகுமுன்பே தொடங்கிவிடுகிறார்கள். தண்ணீரை மட்டும் ஓயாமல் குடித்தாலும் கேடுதான். வியர்வையோடு போகும் உப்பும் திரும்ப வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டு வைத்திருப்பார்கள். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் உண்டு. கடலை மிட்டாய்க்குப் பேர்போன சீமையிலிருந்து வந்த எங்களுக்கு அதைப் பார்த்தபோது உண்டான பெருமை, பதக்கத்தைப் பார்த்தபோதுகூட உண்டாகவில்லை.

எங்கள் முதல் ஓட்டம் 2017 டிசம்பரில், பத்து கிலோமீட்டர். கணவர் முன்னே சென்றுவிட்டார். மனைவி ஏழாவது கிலோமீட்டரில் நடக்கத் தொடங்கினார். அப்போது அவருக்குப் பின்னால் நால்வரே இருந்தனர். முடிவுக் கோட்டுக்கு அருகே, தங்கள் ஓட்டத்தை முக்கால் மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட்ட இளைஞர்கள் வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர்களுக்கு எழுந்த ஓசையைக் காட்டிலும் பின்னால் வந்தவர்களுக்கு எழுந்த ஓசை பெரிதாக இருந்தது. ஒரு மணி முப்பத்து நான்கு நிமிடம். "அக்கா, இன்னும் நூறடிதான்!" என்று ஒரு பெண் கூடவே ஓடிவந்தாள். அவள் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

எங்கள் ஊர்த் திருவிழாவில் மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டி உண்டு. வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். கால் ஊன்றாமல், கோட்டை விட்டு விலகாமல், கடைசியில் வந்து சேருகிறவருக்கே அதில் பரிசு. எவர்சில்வர் டம்ளர் ஒன்று கிடைக்கும். கடைசியாக வருகிறவருக்குக் கைதட்டுவதை நாங்கள் அதற்குமுன் அங்கேதான் கண்டிருந்தோம்.

இல்லத்தரசி ஓடுவதைப் பற்றி அக்கம்பக்கத்தார் சிலருக்குக் குறை இருந்தது. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய வயதில் இது தேவையா என்றார்கள். பெண் உடல் நெடுந்தூரத்தைத் தாங்காது என்ற எண்ணம் நம்மவருக்கு மட்டும் உரியதன்று. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து வீழ்ந்தார்கள் என்று கூக்குரல் எழுப்பி அதை நீக்கியும் விட்டார்கள். 1960 வரை 200 மீட்டருக்கு மேற்பட்ட தூரம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. பெண்கள் மாரத்தான் அங்கே முதன்முதலாக இடம்பெற்றது 1984-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். அதே ஒலிம்பிக்கில்தான் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடையோட்டத்தில் நூறில் ஒரு நொடியில் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். பள்ளிச் சிறாராயிருந்த நாங்கள் செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்துக் கலங்கியது நினைவிருக்கிறது. அந்த உலகத்தில் நூறில் ஒரு நொடிக்கு இரக்கம் கிடையாது. நாங்கள் புகுந்த உலகமோ வேறு. நேர வரம்பு இங்கும் உண்டு என்றாலும், அதற்குள் வந்து சேர்ந்தவர் அனைவருக்கும் ஒரே பதக்கம்.

ஊரிலிருக்கும் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ஏன்யா, உன்னை யாரும் விரட்டுதாகளா?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் ஒருவன் ஓடினால் நாய் துரத்துகிறது என்று பொருள், அல்லது பேருந்து போய்விட்டது என்று பொருள். ஆனால், இதே அம்மா முப்பது ஆண்டுகளுக்கு முன் காவி உடுத்து, கையில் செபமாலையோடு, ஆறு நாள் வேளாங்கண்ணிக்கு நடந்தவர்கள். பாதம் கொப்பளித்து வீடு வந்து, அடுத்த ஆண்டும் புறப்பட்டவர்கள். சென்னையிலிருந்தும் ஆகஸ்டு இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து போகிறவர்களை நாம் காண்கிறோம். அவர்களுக்கு எண் அட்டை இல்லை. நேரம் குறிக்கும் தகடு இல்லை. நோக்கமும் வேறு, இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது முறையாகாது. ஆயினும் நெடுவழியில் அந்நியர் ஒருவரின் பக்கத்தில் நடக்கும்போது உண்டாகும் நட்பு எத்தகையதென்று அம்மாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "பக்கத்துல வர்றவ முகத்தப் பாத்தா கால் வலி தெரியாது" என்று அவர்களே சொன்னார்கள்.

ஞாயிறு திருப்பலி என்னாவது என்பதே அம்மாவின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஓட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் நடக்கின்றன. போக்குவரத்து குறைந்த பொழுது அதுவே. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248-ஆம் சட்டம், ஞாயிறன்றோ, அதற்கு முந்தின நாள் மாலையிலோ திருப்பலியில் பங்கெடுப்பவர் தம் கடமையை நிறைவேற்றியவராவார் என்று இடமளிக்கிறது. ஆகவே சனி மாலைத் திருப்பலிக்குச் சென்றுவிட்டு, இரவு எட்டு மணிக்குள் உணவு முடித்துப் படுத்துவிடுவது எங்கள் வழக்கம். சனி மாலை இயலாவிடில் ஞாயிறு மாலை. பதக்கத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அரைக்கால் சட்டையோடு காலைப் பூசைக்குள் நுழைகிற சிலரைக் கண்டிருக்கிறோம். அது எங்களுக்கு உடன்பாடில்லை. மற்றபடி ஓட்டம் திருச்சபைக்கு அந்நியமானதன்று. இரண்டாண்டுக்கு ஒரு முறை விளையாட்டு விழா நடந்த இடம் கொரிந்து நகருக்கு அருகிலேயே இருந்தது. அந்நகரத்தாருக்கு எழுதிய புனித சின்னப்பர் ஓட்டப் பந்தயத்தை உவமையாக்கியதில் வியப்பில்லை. வத்திக்கானிலேயே 2019-இல் தடகளச் சங்கம் ஒன்றை முறைப்படி நிறுவியிருக்கிறார்கள். குருக்களும் கன்னியரும் சுவிஸ் காவலரும் அதில் ஓடுகிறார்கள்.

மிதிவண்டிக்கு வருவோம். குரங்குப் பெடல் போட்டுக் கற்று, வாடகைக் கடையில் மணிக்கணக்கில் அரைவண்டி எடுத்து ஓட்டிய தலைமுறை நாங்கள். ஊர்ப் பொட்டலில் ஒருவர் ஏழெட்டு நாள் இறங்காமல் மிதிவண்டியிலேயே சுற்றிச் சுற்றி வர, ஒலிபெருக்கியில் பாட்டு முழங்க, மக்கள் சட்டையில் ரூபாய் நோட்டுகளைக் குத்திய சாதனைகளையும் பார்த்தவர்கள். 2018-இல் ஆளுக்கொரு வண்டி வாங்கினோம். ஞாயிறல்லாத விடுமுறை நாட்களில், குழுவினரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை, பின்னர் மாமல்லபுரம் வரை போய்வந்தோம். முட்டுக்காட்டுப் பாலத்தில் ஒரு காலை ஊன்றி நின்று, கழிமுகத்துக்கு அப்பால் கடலில் கதிரவன் எழுவதைப் பார்ப்பதற்கென்றே நாலரை மணிக்கு விழிக்கலாம்.

மிதிவண்டியில் எங்களைக் கவர்ந்தது 'பிரெவே' எனப்படும் நெடும்பயணம். பாரிஸ் நகரச் சங்கம் ஒன்றின் விதிகளைப் பின்பற்றி உலகெங்கும் நடப்பது இது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை பெற வேண்டும். இரவில் முன்விளக்கும் பின்விளக்கும் ஒளிதிருப்பும் மேலங்கியும் கட்டாயம். இது போட்டி அன்று என்பதே இதன் சிறப்பு. முதலாவது, இரண்டாவது என்ற வரிசை கிடையாது. ஒன்பது மணி நேரத்தில் வந்தவரும் பதின்மூன்று மணி நேரத்தில் வந்தவரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள்.

2020 பிப்ரவரியில் 200 கிலோமீட்டர் பயணம் மேற்கொண்டோம். வைகறையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, கல்பாக்கம் தாண்டி, பாலாற்றைக் கடந்து, மரக்காணத்து உப்பளங்களை எட்டுமுன் திரும்ப வேண்டும். போகும்போது வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிற்று. நம் கால்வலிமை இவ்வளவா என்று நாங்களே வியந்தோம். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்தது. நண்பகல் வெயில். மனைவியின் வண்டியில் பின்சக்கரம் காற்றிறங்கியது; சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே இளநீர்க் கடை நிழலில் குழாயை மாற்றினோம். எங்களைக் கடந்து போன ஒவ்வொருவரும் வேகம் தணித்து, "எல்லாம் இருக்கிறதா? உதவி வேண்டுமா?" என்று கேட்டுவிட்டே போனார்கள். ஒருவரும் கேட்காமல் போகவில்லை. பதின்மூன்று மணி பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தோம். வரம்புக்கு இருபது நிமிடம் மீதம்.

மிதிவண்டிக்காரர்களுக்குக் காவலாக, இத்தாலியில் கோமோ ஏரிக்கருகே குன்றின்மேல் வீற்றிருக்கும் கிசாலோ மாதாவை 1949-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் அறிவித்தார். அந்நாட்டு மிதிவண்டி வீரர் ஜீனோ பார்த்தாலி 1938-லும் 1948-லும் பிரான்சு நாட்டு நெடும்பந்தயத்தில் வென்றவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். போர்க்காலத்தில், பயிற்சிக்குப் போவதுபோல் புளோரன்சுக்கும் அசிசிக்கும் இடையே மிதித்துச் சென்று, வண்டியின் குழாய்களுக்குள் போலி அடையாளத் தாள்களை மறைத்துக் கொண்டுபோய் யூதர்களின் உயிரைக் காக்க உதவினார். அதைப் பற்றி அவர் வெளியே பேசியதே அரிது. 2000-இல் அவர் இறந்தபின், 2013-இல் இஸ்ரவேலின் யாத் வாஷெம் அவரைப் பெருமைப்படுத்திற்று.

நிற்க. இப்பொழுதுபோக்கில் எங்களுக்கு ஒவ்வாதவையும் உண்டு. பதிவுக் கட்டணம் ஆண்டுக்காண்டு உயர்கிறது. பத்து கிலோமீட்டர் ஓடுவதற்குக் கட்டும் பணத்தில் ஒரு வீட்டுக்குச் சில நாள் மளிகை வாங்கலாம். ஒரு வண்டியின் விலை ஒரு குடும்பத்தின் ஓராண்டு வாடகையாக இருப்பதைக் கண்டிருக்கிறோம். தண்ணீர் குடித்துவிட்டு எறியும் காகிதக் குவளைகளைப் பொறுக்கியபடி, ஓடுகிறவர்களுக்கு நடுவே குனிந்து நிமிரும் துப்புரவுப் பெண்களுக்கு அன்று ஞாயிறு விடுப்பு இல்லை. எங்கள் குழுவில் பலர் இப்போது தங்கள் தண்ணீர்ப் போத்தலையே எடுத்துப் போகிறோம். வைகறை நாலரைக்கு வண்ண உடையில் விளக்கு மினுங்கப் புறப்பட்டு நம்மை வீரரென்று எண்ணிக்கொள்ளும் வேளையில், முன்னும் பின்னும் செய்தித்தாள் கட்டுகளைச் சுமந்து, மட்கார்டு ஆடும் பழைய வண்டியில் ஒரு பையன் எங்களைத் தாண்டிப் போவான். அவன் ஒரு நாளும் பயிற்சிக்கு ஓட்டியதில்லை.

சார் அடிக்கடி பௌஜா சிங்கைப் பற்றிச் சொல்வார். பஞ்சாபில் ஒரு சிற்றூரில் உழவராயிருந்தவர் அவர். 1994-இல் தம் மகன் ஒருவரை விபத்தில் பறிகொடுத்தார். பின்னர் இன்னொரு மகனோடு வாழ இலண்டனுக்குப் போனார். மொழி தெரியாத பெருநகரம், முதுமை, ஆறாத துயரம். அந்நிலையில்தான் அவர் ஓடத் தொடங்கினார். 2000-இல் எண்பத்தொன்பதாம் வயதில் இலண்டன் மாரத்தானை ஓடி முடித்தார். 2011-இல், நூறு வயதில், கனடாவின் டொரன்டோ நகரில் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு 42 கிலோமீட்டரையும் கடந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் நூல் அதனை ஏற்கவில்லை. அவர் காலத்துச் சிற்றூர்களில் யாருக்குத்தான் இருந்தது? 2025 ஜூலையில், 114 வயதில், தம் சொந்த ஊர்ச் சாலையில் வாகனம் மோதி இறந்தார். அச்செய்தியைக் கேட்கச் சார் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் ஓட்டங்கள் யாவும் நின்றன, கடற்கரையும் அடைக்கப்பட்டது. 2021 மே மாதம் எங்கள் இருவருக்கும் காய்ச்சல் கண்டது. ஊரடங்கினால் பிள்ளைகள் வர இயலவில்லை. கதவைத் தட்டி உதவும்படி யாரிடம் சொல்வது? ஆனால் இரண்டாம் நாள் காலையிலேயே எங்கள் வாசல் இரும்புக் கதவில் பை ஒன்று தொங்கிற்று. கஞ்சி, மிளகு ரசம், மாத்திரைகள், விரல்நுனியில் பொருத்தி உயிர்வளி அளவைப் பார்க்கும் சிறு கருவி. அன்றிலிருந்து பதினாறு நாள், வேளை தவறாமல் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. குழுவினர் முறை வைத்துக்கொண்டு மிதிவண்டியில் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் இரவு கணவரின் அளவு 91-க்கு இறங்கியபோது, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் படுக்கை தேடிக் கண்டுபிடித்தவன், எங்களோடு ஓடும் இருபத்தாறு வயது இளைஞன். ஆறு நாளில் அவர் பிழைத்து வீடு திரும்பினார். அந்த இளைஞனின் வீடு எங்கே என்றுகூட அன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அதே மாத இறுதியில் சார் காலமானார். அவரை இடுகாட்டுக்குக் கொண்டு செல்ல நான்கு பேருக்கே அனுமதி. நாங்கள் படுக்கையிலிருந்தோம். ஆனால் செய்தி அரை மணி நேரத்துக்குள் எங்களுக்கு வந்துவிட்டது. எட்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து. கடற்கரையைத் திறந்த முதல் நாள், நினைவு மண்டபத்தருகே கூடி, அவர் வழக்கமாகச் செய்வதுபோல் ஒவ்வொருவராகத் தலையை எண்ணினோம். இருபத்து மூன்று வரவேண்டிய இடத்தில் இருபத்திரண்டு வந்தது. யாரும் ஒன்றும் சொல்லாமல் ஓடத் தொடங்கினார்கள்.

நோயினின்று தேறியபின் நெடுந்தூரம் ஓடக் கணவருக்கு மருத்துவர் அனுமதி தரவில்லை. ஆகையால் நாங்கள் இப்போது பெரும்பாலும் ஓட்டங்களில் வேறு பணி செய்கிறோம். எல்லோருக்கும் கடைசியாக வருகிறவருடன் சேர்ந்து வருவதே அந்தப் பணி. முன்னே போகச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது. நின்றுவிடும்படியும் சொல்லக் கூடாது. தண்ணீர் கொடுத்து, பேசிக்கொண்டே வர வேண்டும். பேசுவதற்கு ஆசிரியையைப் போல் தகுதியுடையவர் எங்கள் குழுவில் வேறு யாருமில்லை என்பது பொதுவான தீர்ப்பு.

இவ்வாண்டு தொடக்கத்தில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கடைசியாக வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மையார். சேலை உடுத்தி, அதன்மேல் எண் அட்டையைக் குத்தியிருந்தார். மகன் வேலைக்காகச் சென்னை வந்து ஏழு மாதமாகிறதாம். ஆறாவது கிலோமீட்டருக்குப் பின் நடந்தே வந்தார். எட்டாவதில் பாதையோரக் கல்லில் அமர்ந்தார். ஐந்து நிமிடம் நாங்களும் அமர்ந்தோம். "எனக்காக நீங்கள் ஏன் காத்துக்கிடக்கிறீர்கள்? போங்களேன்" என்றார். "எங்கள் வேலையே இதுதான்" என்றோம். மேலே எழுந்து நடந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வரம்பு நேரம் முடிந்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. காற்றடைத்த வளைவை இறக்கிவிட்டார்கள். நேரம் குறிக்கும் பாயையும் சுருட்டிவிட்டார்கள். ஆயினும் பத்துப் பன்னிரண்டு பேர் கலையாமல் நின்று கைதட்டினார்கள். பதக்கப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த பையன் அதைப் பிரித்து ஒன்றை எடுத்துக்கொடுத்தான்.

வீடு எங்கே என்று கேட்டோம். திருவான்மியூர்தானாம், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. மறுநாள் காலை ஐந்து மணிக்கு முனையிலிருக்கும் பால் சாவடியில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.